நான்கு வில்லன்களும் ஒரு மூட்டை முட்டைக்கோஸும்

மார்ச் 3, திங்கள்

இன்று ஒரு தர்பூசணியைக் கொன்றேன்.

முதல் வில்லனின் மண்டை அது. கதாநாயகி மொட்டை மாடியிலிருந்து பூந்தொட்டியைத் தள்ளிவிடுகிறாள். தொட்டி மெதுவாக, மிக மெதுவாக, சுழன்று சுழன்று இறங்குகிறது. அதற்குள் நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருக்கலாம். அது மண்டையில் படுகிற அந்த ஒரு நொடிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் பழம் ரொம்பப் பழுத்துவிட்டது, ‘சொத்’ என்றது. மண்டை அப்படி உடையாது. இரண்டாவதும் சரியில்லை. மூன்றாவதுதான் மண்டைக்குரிய மரியாதையோடு உடைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் கண் விழித்து, “ஓகேம்மா” என்றார். ஓய்வு பெற வேண்டிய வயதைத் தாண்டி இரண்டு முறை பிறந்தநாள் கொண்டாடிவிட்டார். சண்டைக் காட்சி முழுக்கத் தூங்குவார், அமைதி வந்தால் திடுக்கிட்டு எழுவார். இத்தனை வருடமாக எங்கள் வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

என் வீட்டுக்காரரின் சொந்தக்காரர்களுக்கு என் வேலை இன்னும் புரியவில்லை. ‘சினிமாவில் இருக்கிறாள்’ என்றால் என் முகத்தை ஒருமுறை பார்க்கிறார்கள், பிறகு பாவமாக அவரைப் பார்க்கிறார்கள். படம் எடுத்து முடித்த பிறகு, திரையைப் பார்த்துக்கொண்டே, நடக்கிறவருக்குக் காலடியும் குடிக்கிறவருக்குத் தம்ளர் சத்தமும் சாகிறவருக்கு எலும்பு முறிவும் போடுகிறவள் நான். ஃபோலி என்று அதற்குப் பெயர். சொன்னால், வியாதி என்று நினைத்து நல்ல டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

மார்ச் 5, புதன்

காய்கறிக் கடைக்காரர் இன்று கேட்டேவிட்டார். “மெஸ் ஏதாச்சும் நடத்தறீங்களாம்மா?”

ஒவ்வொரு முட்டைக்கோஸையும் காதருகே வைத்து முறுக்கிப் பார்ப்பதை அவரும் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

“இல்லைங்க.”

“எதுக்குன்னு சொன்னா நல்லதா பொறுக்கித் தருவேன்ல.”

“கழுத்துக்கு. ஆம்பளைக் கழுத்து. கொஞ்சம் தடியா இருந்தா நல்லது.”

மீதிச் சில்லறையை எட்டி நின்று கொடுத்தார்.

மார்ச் 8, சனி

கொன்றதைத் தின்ன வேண்டும் என்பது என் வீட்டுச் சட்டம். காட்டில் புலி வைத்திருக்கும் சட்டம்தான். மண்டை உடைந்த அன்று தர்பூசணி ஜூஸ். கழுத்துப் பயிற்சி நடக்கும் வாரம் முழுக்க முட்டைக்கோஸ். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு யாரு?” என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்.

“மூணாவது வில்லன்.”

“இன்னும் எத்தனை பேர்?”

“மொத்தம் நாலு.”

“அந்தப் பொண்ணு நல்லா இருப்பா, சீக்கிரம் முடிக்கச் சொல்லு.”

எங்களோடு இருக்கும் என் அக்கா சிரிக்கவில்லை. எழுந்து ஹால் ஃபேனை அணைத்தாள். மறுபடி ஆரம்பித்தது. அவருக்கு வேர்க்கிறது, அவளுக்குக் காற்று ஒத்துக்கொள்ளாது. இந்த வீட்டில் நடக்கும் ஒரே போர் இதுதான். தன் அறை ஃபேன் சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறாள். எந்த வெயிலானாலும் பழைய வாரப்பத்திரிகையை மடித்து விசிறிக்கொள்வாள். வீட்டுக்காரர் அவளுக்கு ‘மின்சார இலாகாவின் வளர்ப்பு மகள்’ என்று பட்டம் கொடுத்திருக்கிறார்.

என்னைவிட ஏழு வயது மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்றாள், விட்டுவிட்டார்கள். தபால் ஆபீசில் காலமெல்லாம் முத்திரை குத்தி, போன வருடம் விருப்ப ஓய்வு வாங்கி வந்தாள். அவள் ஓங்கி ஒரு முத்திரை வைத்தால் மேசைக்கு வலிக்கும்.

மார்ச் 9, ஞாயிறு

அட்வைஸ் மாமா வந்து போனார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மாதம் ஒரு ஞாயிறு தவறாது. ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, “போடும்மா, வேர்த்துக் கொட்டுது” என்பார். போடுவேன். டீயும் கொடுப்பேன். எப்படிச் சேமிப்பது, எப்படி மூச்சு விடுவது, பெண்கள் எப்படி அடக்கமாக இருந்தார்கள் அந்தக் காலத்தில் என்று இலவசமாக வழங்குவார்.

அக்கா இருக்க மாட்டாள். அவர் கேட் திறக்கும் சத்தம் கேட்டதுமே அவளுக்கு உப்பு தீர்ந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகக் கடைக்குப் போய்விடுவாள். எங்கள் அலமாரியில் இப்போது கடல் வற்றினாலும் தாங்குகிற அளவு உப்பு இருக்கிறது. அட்வைஸ் யாருக்குத்தான் பிடிக்கும்?

மார்ச் 11, செவ்வாய்

டைரக்டர் வந்தார். ‘இந்த சீன் நெருப்பு மாதிரி இருக்கணும்’ என்று எல்லா சீனுக்கும் சொல்வதால் இன்ஜினியரும் நானும் அவருக்கு நெருப்பு என்றே பெயர் வைத்திருக்கிறோம். உள்ளே வந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. வரும்போதே மைக் ஸ்டாண்டில் முட்டிக்கொண்டார்.

மூன்றாம் ரீல் பற்றிப் பேச வந்திருக்கிறார். நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த ரீல். நால்வரும் சேர்ந்து அந்தப் பெண்ணை நாசம் செய்கிற காட்சி. பதினோரு நிமிடம். அறை முழுக்கச் சிவப்புத் திரைச்சீலை, மேலிருந்து வெள்ளை இறகு கொட்டுகிறது, எல்லாம் ஸ்லோ மோஷன். இறகு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “அது ஒரு படிமம் மேடம்” என்றார். கோழிப்பண்ணை பக்கத்தில் இருக்கிறதோ என்று நினைத்தேன், சொல்லவில்லை.

அவருக்கு வேண்டியது: துணி கிழிகிற சத்தம், வளையல் உடைகிற சத்தம், மூச்சு. “அந்தத் துணி சத்தம் பட்டு மாதிரி வழுக்கிட்டுப் போகணும். ஆடியன்ஸ் கண்ணை எடுக்கக் கூடாது.”

“சார், கண்ணை எடுக்கணும்னுதானே அந்த சீன்?”

“வலியிலயும் ஒரு அழகு இருக்கு மேடம்.”

“யாரோட வலியில?”

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். போகும்போது வாசலில் நின்று, “கஷ்டமா இருந்தா சொல்லுங்க. இப்பல்லாம் ரெடிமேட் சத்தமே கம்ப்யூட்டர்ல கிடைக்குது. அடுத்த ரெண்டு படத்துக்குக்கூட அதையே வச்சுக்கலாம்னு தயாரிப்பாளர் சொல்லிட்டிருக்கார்” என்றார்.

குரல் தேன் மாதிரிதான் இருந்தது. எனக்குப் புரிந்தது. இந்த ரீல் அவர் கேட்டபடி வராவிட்டால், இந்த அறையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொள்வார்கள். அதற்கப்புறம் நான் முட்டைக்கோஸைச் சமைக்க மட்டும்தான் வாங்க வேண்டியிருக்கும்.

மார்ச் 13, வியாழன்

துணி கிழித்துப் பார்த்தேன். பழைய படுக்கை விரிப்பு, பருத்தி, லைனிங் துணி. மூன்றாவது துணி மைக்கில் அழகாகத்தான் விழுந்தது. அவர் கேட்ட அதே சத்தம். ஹெட்போனில் கேட்டபோது எனக்கே நன்றாக இருந்தது. அதனாலேயே அழித்துவிடச் சொன்னேன். இன்ஜினியர் ஏன் என்று கேட்காமல் அழித்தார்.

முதலில் வில்லன்களைக் கொன்று முடிப்போம். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 15, சனி

முட்டைக்கோஸ் ஜெயித்துவிட்டது.

மூன்றாவது வில்லன் கழுத்து. இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைக் கட்டி, முழு வேகத்தில் முறுக்கினேன். ‘கடக்’ என்று அருமையான சத்தம். என் தோள்பட்டையிலிருந்து வந்தது. இன்ஜினியர் மகிழ்ந்து, “சூப்பர் டேக்மா!” என்றார். அதையே படத்தில் வைத்துக்கொள்ளப் போகிறாராம்.

டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். “கழுத்தைத் திருகும்போது” என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர், “என் கழுத்து இல்ல டாக்டர்” என்று காலரை விலக்கிக் காட்டினார்.

கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இதையே இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. இன்னும் இரண்டு வில்லன் பாக்கி. நான் படுத்தால் ரெடிமேட் சத்தம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மார்ச் 17, திங்கள்

“நான் வர்றேன்” என்றாள் அக்கா.

“உனக்கென்னக்கா தெரியும் இதுல?”

“உடைக்கணும், அவ்வளவுதானே? முப்பது வருஷம் முத்திரை குத்தின கை இது.”

கூட்டிப் போனேன். நான் சொல்லச் சொல்ல அவள் செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டாவது வில்லனின் விரல்கள். வேகவைக்காத நூடுல்ஸை ஈரத்துணியில் சுற்றி ஒவ்வொன்றாக ஒடிக்க வேண்டும். திரையில் அந்தப் பெண் விரலைப் பிடிக்கிற நொடிக்கும் அக்கா கை அசைகிற நொடிக்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. ஐந்து விரல் கேட்டோம். ஏழு உடைத்தாள். “ரெண்டு இருக்கட்டும்” என்றாள்.

மார்ச் 19, புதன்

கழுத்து முறிந்த மூன்றாவது வில்லன் தரையில் விழுகிற சத்தம், அக்காவுக்கு ஒரே டேக். இன்ஜினியர் தூங்கவே இல்லை.

மார்ச் 22, சனி

நாலாவது வில்லன், முக்கியமானவன். கதாநாயகி அவன் மணிக்கட்டைப் பிடித்து முறிக்கிறாள். இதற்குக் கேரட். தடிமனான கேரட்டை ஃபிரிட்ஜில் வைத்து, மைக்குக்கு அருகே ஒரே மூச்சில் முறிக்க வேண்டும். நான் முறித்தால் அது நல்ல கேரட். அக்கா முறித்தால் அது எலும்பு. எல்லாம் தெரிந்த நானே ஒவ்வொரு தடவையும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறேன்.

நெருப்பு கேட்டுவிட்டுக் கைதட்டினார். “இவங்ககிட்ட ஒரு ஃபயர் இருக்கு மேடம்! எங்க பிடிச்சீங்க?”

“எங்க அக்கா சார். தபால் ஆபீஸ்.”

“திங்கட்கிழமை மூணாம் ரீல். இவங்களே பண்ணட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டில் கேரட் ஆரம்பித்துவிட்டது.

மார்ச் 24, திங்கள்

எங்கிருந்து ஆரம்பிக்க

அக்காவிடம் கதையைச் சொல்லித்தான் கூட்டிப் போனேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். “போடு பாக்கலாம்” என்றாள். சத்தமில்லாமல் படத்தை ஓடவிட்டோம். சிவப்புத் திரை, இறகு, அந்தப் பெண்ணின் முகம். அக்கா கையில் துணியை வைத்துக்கொண்டு நின்றாள். கிழிக்கவில்லை. பதினோரு நிமிடமும் நின்றாள். இன்ஜினியர் விழித்துக்கொண்டிருந்தார். அமைதி அல்லவா.

முடிந்ததும் அக்கா கேட்டாள், “அந்த ரூம்ல ஃபேன் இல்லையா?”

“ஃபேனா? எதுக்குக்கா?”

“துணி சத்தமெல்லாம் கேக்காது. அப்ப ஒண்ணுமே கேக்காது. ஃபேன் மட்டும்தான் கேக்கும். அதைத்தான் எண்ணிட்டே இருப்போம்.”

இன்ஜினியர் எழுந்து, மைக்கை அணைத்து, வெளியே போய் மெதுவாகக் கதவைச் சாத்தினார்.

பத்தொன்பது வயதில். மாமா வீட்டு மாடியில் தங்கிப் படித்தாளே, அந்த வருடம். அட்வைஸ் மாமா. அடுத்த நாளே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அழுதாளாம். அழுதுவிட்டு, ‘வெளிய தெரிஞ்சா உன் தங்கச்சிக்கு யாரு வருவாங்க’ என்றாளாம்.

தங்கச்சி நான்தான்.

எனக்காகவா? யாரு கேட்டா? எனக்குக் கல்யாணம் ஆகலைன்னா என்ன குடி முழுகியிருக்கும்? நான் அந்த ஆளுக்கு டீ போட்டுக் குடுத்திருக்கேன். சக்கரை போதுமா மாமான்னு கேட்டிருக்கேன். ஃபேனைப் போட்டுவிட்டிருக்கேன், நானே, இந்தக் கையாலயே. ஐயோ. காதை வச்சுப் பிழைக்கிறவ நான். தெருவுல போற செருப்புச் சத்தத்தை வச்சு ஆள் எடை சொல்லுவேன். அக்கா பின்வாசல் வழியா ஓடற சத்தம் மட்டும் ஏன் எனக்குக் கேக்கவே இல்ல?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் எத்தனை பூசணிக்காய் உடைத்திருக்கிறேன், எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். மறைத்துத்தான் இருக்கிறார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. அக்கா கேரட் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். “மூஞ்சிய இப்படி வச்சுக்காதே, எனக்குச் சோறு இறங்காது” என்றாள்.

மார்ச் 26, புதன்

வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். சொல்லு என்றாள். சொன்னேன். எதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொள்கிற மனுஷன் எழுந்து சட்டையை மாட்டினார். “நாலு சாத்து சாத்திட்டு வர்றேன்.” இடுப்பு வலிக்காகக் கட்டும் பெல்ட்டையும் எடுத்துக் கட்டிக்கொண்டார். அதைக் கட்டிக்கொண்டு ஒருவரைச் சாத்த முடியாது, குனியவே முடியாது.

அக்கா அவரை உட்கார வைத்தாள். “வரட்டும். அடுத்த மாசம் ஞாயித்துக்கிழமை எப்படியும் வருவார்ல. யாரும் போன் பண்ண வேணாம்.”

ஹால் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் தானே போய் அணைத்தார். இப்போது வேர்த்துக்கொண்டே தூங்குகிறார். இந்த ஆளைக் கட்டிக்கொண்டது பற்றி எனக்கு இன்று முழுச் சம்மதம்.

மார்ச் 28, வெள்ளி

மூன்றாம் ரீலை எப்படிச் செய்வது என்று முடிவாகிவிட்டது. துணி இல்லை, வளையல் இல்லை, மூச்சு இல்லை. அவள் காதில் விழுந்தது மட்டும். நெருப்பு கத்துவார். கத்தட்டும். சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன்.

“நீ செய்ய வேண்டாம்க்கா” என்றேன்.

“நான்தான் பண்ணுவேன். நீ பண்ணா தப்பாப் பண்ணுவே.”

பழைய ஃபேனுக்கு அலைந்தோம். இப்போது வருகிறவை எல்லாம் சத்தமே போடுவதில்லை. இன்ஜினியர் கடைசியில் தன் வீட்டு ஃபேனையே கழற்றி ஆட்டோவில் கொண்டுவந்தார். அவர் மனைவி மூன்று முறை போன் செய்தார். கண்ணாடி வழியாகவே திட்டு எங்களுக்குக் கேட்டது. “ஒரு நல்ல காரியத்துக்குடி” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “இப்படி இல்ல. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவ டக்குனு தட்டும்.” ஒரு பிளேடில் அட்டைத் துண்டு ஒட்டினேன். “இன்னும் லேசா.” சீப்பு வைத்துப் பார்த்தேன். “ம்.” பிறகு சொட்டுகிற குழாய். கீழே யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். தெருவில் ஒரு சைக்கிள் மணி.

“கீழ பாத்திரம் கழுவினது அவர் பொண்டாட்டி” என்றாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல.

அக்கா நடுவில் ஒருமுறை வெளியே போய் முகம் கழுவி வந்தாள். இன்ஜினியர் பெப்பர்மின்ட் கொடுத்தார். அதைக் கடைவாயில் அடக்கிக்கொண்டே மீதியை முடித்தாள்.

ஏப்ரல் 2, புதன்

நெருப்பு வந்தார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓடவிட்டோம்.

சிவப்புத் திரை. இறகு. டக். டக். குழாய். சைக்கிள் மணி.

கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு நிமிர்ந்தார். பிறகு, “நிறுத்துங்க” என்று வெளியே போனார். தண்ணீர் குடித்து வந்து மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் பாதியில் நிறுத்தினார்.

“என்ன மேடம் இது, சத்தமே இல்ல?”

“இருக்கு சார். அவளுக்குக் கேட்டது இவ்வளவுதான்.”

“யாரு சொன்னா உங்களுக்கு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, “நான்” என்றாள்.

நெருப்பு முதல்முறையாகக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே சாதாரணமான, தூக்கம் கெட்ட இரண்டு கண். கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, “இது எவ்ளோ நேரம் ஓடுது?” என்றார்.

“பதினோரு நிமிஷம் சார்” என்றார் இன்ஜினியர். “ஒரு ஃப்ரேம் குறைச்சாக்கூடப் படத்தை விட்டுடுவேன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“மனுஷனால பாக்க முடியுமாய்யா இதை?” என்று கத்திவிட்டு எடிட்டருக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். திரை வேண்டாம், இறகு வேண்டாம், ஃபேனைக் காட்டு, அது போதும். ஃபேன் ஷாட் எடுக்கவே இல்லையே சார் என்று எடிட்டர் சொல்லியிருக்க வேண்டும். “அப்ப போய் எடுங்கடா!”

பட்டுத்துணிச் சத்தத்தோடு பதினோரு நிமிடம் பார்க்க முடிந்த மனுஷனால், ஃபேன் சத்தத்தோடு மூன்று நிமிடம் உட்கார முடியவில்லை. சாவியை யாரும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது அக்காவிடம் கும்பிடுகிற மாதிரி ஏதோ செய்தார். கண்ணாடி இல்லாததால் இந்த முறை ஸ்டாண்டில் முட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட் சத்தம் கேட்டது.

பழக்க தோஷம், நான் பையை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். “கடைக்குப் போறியாக்கா?”

“எதுக்கு? உப்புதான் நிறைய இருக்கே” என்றாள். கேரட் சீவிக்கொண்டிருந்தாள்.

அட்வைஸ் மாமா வழக்கம்போல ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். “போடும்மா, வேர்த்துக் கொட்டுது.” நான் அசையவில்லை. வீட்டுக்காரர் பெல்ட்டோடு சுவர் ஓரம் நின்றார். மாமா கர்ச்சீப்பால் விசிறிக்கொண்டு, இடுப்பு வலிக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தார்.

அக்கா கையில் கேரட்டோடு வந்து எதிரில் நின்றாள்.

“மாமா, உங்க வீட்டு மாடி ரூம்ல ஒரு ஃபேன் இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஒவ்வொரு சுத்துக்கும் டக்குனு தட்டும்.”

“எந்தக் காலத்துக் கதைம்மா அது.”

“எனக்குப் பத்தொன்பது வயசு. நீங்க உள்ள வந்து கதவைத் தாப்பாள் போட்டீங்க. நான் வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன். கீழ அத்தை பாத்திரம் கழுவிட்டிருந்தாங்க. அம்மா அதைப் பத்திப் பேசறப்பல்லாம் ‘கெட்டுப்போனது’ன்னு சொன்னாங்க. நான் கெட்டுப்போகல மாமா. நீங்க பண்ணதுக்குப் பேரு பலாத்காரம். என் வாயால உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன், சொல்லிட்டேன்.”

அக்கா குரல் ஏறவே இல்லை. தபால் ஆபீஸ் கவுன்டரில், ‘இந்த ஸ்டாம்ப் செல்லாது’ என்று சொல்கிற குரல்.

மாமா சிரிக்கப் பார்த்தார். “என்னம்மா இது, சினிமாவுல சேந்ததும் வசனமெல்லாம்… வயசான காலத்துல என்னை…” என்றபடி, சமாதானம் செய்வதுபோல அவள் தோளைத் தொடக் கையை நீட்டினார்.

அக்கா கேரட்டை முறித்தாள்.

அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளித்தான். ஆனால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேரட், அக்காவின் கை, மூடிய ஹால். மாமா “ஐயோ!” என்று அலறித் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கட்டுப் போட்ட கையோடு நானும் என்னுடையதைத் தேடினேன்.

“உள்ள முட்டைக்கோஸும் இருக்கு” என்றாள் அக்கா. “இனி இந்தப் பக்கம் வரக் கூடாது.”

ஓடினார். அறுபத்தெட்டு வயதுக்கு நல்ல வேகம். ஒரு கால் தன் செருப்பு, ஒரு கால் என் வீட்டுக்காரர் செருப்பு. இரண்டு கால் சத்தமும் ஒத்துப்போகவில்லை. கேட் வரை எனக்குக் கேட்டது.

வீட்டுக்காரர், “போன மாசம்தான் வாங்கினேன் அதை” என்றார். அக்கா உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் அழுகையானது. நான் ஒற்றைக் கையால் அணைத்துக்கொண்டேன். அழுதுகொண்டே அந்தக் கேரட்டைக் கடித்துத் தின்றாள். கொன்றதைத் தின்ன வேண்டுமே.

ஏப்ரல் 10, வியாழன்

சொந்தக்காரர்களிடமிருந்து போன் மேல் போன். ‘வயசான மனுஷனை விரட்டினீங்களாமே’, ‘கத்தியால குத்தப் பாத்தீங்களாமே’. கேரட் நான்கு நாளில் கத்தியாகிவிட்டது. அடுத்த வாரம் துப்பாக்கியாகும். ஒவ்வொருவருக்கும் அக்கா அதே குரலில், நடந்ததை அப்படியே சொல்கிறாள். பாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள். மீதிப் பேர் வைக்காமல் கேட்கிறார்கள்.

இன்று சாயங்காலம் ஒரு சின்னக் குரல். மாமாவின் மச்சினி மகளாம், நான் பார்த்தே வருடக்கணக்கு. “அக்கா இருக்காங்களா? அவங்ககிட்ட மட்டும் பேசணும்” என்றாள். அக்கா போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெகு நேரம். நான் காதை வைக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக.

வெளியே வந்து, “அவ நாளைக்கு இங்க வர்றா. சாப்பாட்டுக்கு முட்டைக்கோஸ் மட்டும் வேண்டாம்” என்றாள்.

மே 23, வெள்ளி

படம் வந்துவிட்டது. தியேட்டரில் முதல் வில்லன் மண்டைக்கு விசில், விரலுக்கு விசில், கழுத்துக்கு எழுந்து நின்று ஆடினார்கள். என் தோள்பட்டைக்குக் கிடைத்த முதல் கைத்தட்டல். மூன்றாம் ரீலில் வெறும் ஃபேன் சுற்றியது. விசில் அடித்துக்கொண்டிருந்தவன் எல்லாம் அடங்கிப்போனான். பாப்கார்ன் மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டைட்டிலில் அவள் பெயரும் வந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு. நெருப்பு டிவியில், அந்த ஃபேன் தனக்குக் கனவில் வந்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். “இப்ப வந்திருக்கும்” என்றாள் அக்கா.

அடுத்த படத்துக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பேய்ப் படமாம். காய்கறிக் கடைக்காரர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.

மே 30, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. மத்தியானம் படுத்திருந்தபோது ஒரு சத்தம். இந்த வீட்டின் எல்லாச் சத்தமும் எனக்கு மனப்பாடம், இது புதிது. எழுந்து போய் அக்கா அறைக் கதவைத் தள்ளினேன்.

பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்திருக்கிறாள். கட்டிலின் நடுவில் உட்கார்ந்து, இடுப்பில் கை வைத்து, சண்டைக்கு நிற்பவள் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஃபேன் ஒன்றாம் நம்பரில் ஓடுகிறது. எத்தனையோ வருடத்துத் தூசி கட்டில், தலையணை, அவள் தலை எல்லாவற்றிலும் கொட்டுகிறது.

“தூசியப் பாரு. வெக்கமா இல்ல உங்க ரெண்டு பேருக்கும், வீடா இது?” என்றாள்.

ஸ்டூலும் துணியும் எடுத்துவரத் திரும்பினேன்.

“நாளைக்குத் தொடைக்கலாம்” என்றாள். “இப்ப ஓடட்டும்.”